சீர்த் தட்டில் ஓடாத கடிகாரம்

எங்கள் சொந்தத்தில் குழந்தைகளுக்குப் பரிசு வாங்க வேண்டும் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நானே போய்ச் சொல்வேன். பிறந்தநாளுக்குப் பொம்மை நாய், மொட்டை அடித்ததற்கு ரிமோட் கார் என்று தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு ஒருநாள் பிள்ளை விளையாடும். மறுநாள் சக்கரம் கழன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நான் வாங்கிக் கொடுக்கிற பொருள், பிள்ளை அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கிறதோ அதற்குப் பொருந்துவதாக இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க ஒன்றும் இல்லை.

நான் டீச்சர் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. ஊரில் எந்த வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. ப்ராஜெக்ட்டுக்குப் படம் பிரிண்ட் எடுக்க அம்மாக்கள் சாயங்காலம் அரக்கப் பரக்க ஓடி வருவார்கள். ஒரு வாரம் முழுக்கத் தவளை. அடுத்த வாரம் சோழர்கள். அதற்கடுத்த வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் எரிமலை வேண்டும். மிஷின் பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு ஒவ்வொரு தாளையும் படித்துக்கொண்டிருப்பேன்.

அதனால் ஒரு பத்திரிகை வந்தால் நான் முதலில் பார்ப்பது முகூர்த்த நேரத்தை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை எத்தனாவது, எந்தப் பருவம், புத்தகத்தில் எந்தப் பக்கம் நடக்கிறது என்று போன் போட்டு விசாரிப்பேன். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்கு வருடத்துக்கு மூன்று பருவம், பருவத்துக்கு ஒரு புத்தகம். பருவம் முடிந்தால் அந்தப் புத்தகம் மூட்டைக்குப் போய்விடும். பாடம் முடிந்த பிறகு அதற்கு ஏற்ற பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போன டெர்ம் அத்தை" என்று திருப்பி வைத்துவிடும்.

அக்கா மகனுக்கு ஆறாம் வகுப்பில் காந்தம் நடந்தபோது இரண்டு சட்டக் காந்தமும், லேத் பட்டறையில் கேட்டு வாங்கிய இரும்புத் தூள் ஒரு பாட்டிலும் கொடுத்தேன். ஒரு மாதம் அந்த வீட்டில் ஊசி, ஹேர்பின், சாவி எதுவும் இருந்த இடத்தில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் நான்காவதில் செடிகளைப் பற்றிப் படித்தபோது, பிறந்தநாளுக்கு ஒரு கைப்பிடி விதை மல்லாட்டையும் (நிலக்கடலைதான்), மண் போட்டுப் பக்கவாட்டில் வேர் தெரிகிற மாதிரி வெட்டிய தண்ணீர் கேனும் கொண்டுபோனேன். அந்தப் பெண்ணின் அம்மா முகம் சுருங்கிப் போனது. "பர்த்டேக்கு மல்லாட்டை குடுத்துட்டுப் போறாங்கன்னா பாத்துக்கோயேன்" என்று தெருவில் சொன்னாராம். செடி பூத்து, பூவின் காம்பு மண்ணுக்குள் இறங்கியபோது அதே அம்மாதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

எப்போதும் ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு உலக உருண்டை வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைத் தாங்கியிலிருந்து பிடுங்கிக் கோல் போஸ்டுக்கு உதைத்தான். அவன் மேல் தப்பு இல்லை. அவன் புத்தகத்தில் அப்போது பழங்களும் காய்களும்தான் இருந்தன, உலகம் இன்னும் வரவில்லை. பொம்மைக் கடைக்காரர்கள் 'எஜுகேஷனல்' என்று ஒட்டி வைத்திருக்கிற பெட்டிகளையும் நான் நம்புவதில்லை. மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை என்று போட்டிருந்தால், அது யாருக்கும் இல்லை என்று அர்த்தம்.

இவ்வளவு பேசுகிற நான் கொடுத்த ஒரு பொருளைத்தான் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது என் நாத்தனார் பிள்ளைகளின் காதுகுத்துக்கு நான் வைத்த கடிகாரம்.

நாத்தனார் என் கணவருக்கு ஒரே தங்கை. விழுப்புரத்தில் வாக்கப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் பிளாட் புரோக்கர். ஊருக்கு வெளியே கல் நட்டு, கொடி கட்டி விற்கிற மனைகளுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவர். ஈசானி மூலை, குபேர மூலை, வாசல் பார்த்த திசை என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் துடைப்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதுகூட அவர் கணக்குப்படிதான். கெட்ட மனிதர் இல்லை. பொறுமைதான் கிடையாது.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் இடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கி நடந்தவன். பெரியவளுக்குக் காது குத்துவது ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு காரணத்தால் தள்ளிப்போய், கடைசியில் அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்துத் தை மாதத்தில் திருவாமாத்தூர் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தாய்மாமன் என் கணவர். மடி அவருடையது. சீர்த் தட்டு நிரப்புகிற வேலை என்னுடையது.

காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்பு நாத்தனார் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அண்ணி, பெரிசு தெனம் காலையில வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குது. டாக்டராண்ட காட்டினேன். ஒண்ணுமில்லைன்றாரு. ஸ்கூலுக்குப் போற நாளு மட்டும் வலிக்குது. ஞாயித்துக்கெழம ஓடி ஆடிக்கினுதான் இருக்குது."

"கணக்கு இருக்கற நாளா?"

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முள் இல்லாத கடிகாரப் படமாகத்தான் நான் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் முள் வரைந்து கொண்டுபோக வேண்டும். போனைப் பெரியவளிடம் கொடுக்கச் சொன்னேன். சீர்த் தட்டில் என்ன வேண்டும், வளையல் வேண்டுமா என்று கேட்டு மெல்ல இழுத்த பிறகு வாயைத் திறந்தாள்.

"மிஸ்ஸு பெரிய முள்ளு ஒண்ணுல இருந்தா அஞ்சுன்னு சொல்லணும்ன்றாங்க அத்தை. ஒண்ணு எப்படி அஞ்சாவும்? நான் ஒண்ணுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"வீட்ல யாராண்டயும் கேட்டியா?"

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா என்னை மக்குன்றாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவள் கேட்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வி. ஒன்று என்று எழுதி வைத்துவிட்டு ஐந்து என்று சொல் என்றால், யோசிக்கிற பிள்ளைதான் நின்று கேட்கும். யோசிக்காத பிள்ளை ஐந்து என்று ஒப்பித்துவிட்டுப் போய்விடும். அந்த வீட்டில் நேரம் பார்ப்பது எல்லாம் செல்போனில். சுவரில் இருந்த பழைய கடிகாரம் எப்போதோ பழுதாகி, அவள் அப்பா கையாலேயே இறக்கிப் போட்டாயிற்று. முள் நகர்வதைப் பார்க்காத பிள்ளைக்கு முள்ளை வரை என்றால் அது எதை வரையும்? இதை இப்போது சரி செய்யாவிட்டால், கணக்கே தனக்கு வராது என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். அப்படி எட்டு வயதில் முடிவு கட்டிக்கொண்ட பெரியவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள். மீதிச் சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

சீர்த் தட்டில் அவளுக்குக் கடிகாரம்தான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பொம்மைக் கடைகளில் அட்டைக் கடிகாரம் காட்டினார்கள். அதில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும். அது பிரயோஜனமே இல்லை. பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றினால் சின்ன முள் கூடவே ஒரு எண் நகர வேண்டும், அதுதான் பாடமே. கடைசியில் சாதாரண சுவர்க் கடிகாரம் ஒன்றே வாங்கினேன். பெரிய எண்கள், வெள்ளை முகம். கடைக்காரர் பேட்டரி செல் போட்டு ஓட்டிக் காட்டினார். நான் செல்லைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கடையில் உட்கார்ந்து ஐந்து, பத்து, பதினைந்து என்று சிவப்பில் பிரிண்ட் எடுத்து, வட்டமாக வெட்டி, கண்ணாடியின் மேல் அந்தந்த எண்ணுக்கு வெளியே ஒட்டினேன். பின்பக்கம் நேரம் திருத்துகிற திருகு இருக்கிறது அல்லவா, அதைப் பிள்ளை கையால் திருப்பத் திருப்ப முன்பக்கம் முள்கள் ஓடும். செல் போட்டால் அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும், பிள்ளைக்கு வேலை இல்லை. ஓடாமல் இருந்தால்தான் அவள் ஓட்டுவாள். எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஓடாத கடிகாரத்தைச் சீரில் வைக்கிறோம் என்பது மட்டும் அந்தப் பெருமையில் என் மண்டையில் ஏறவே இல்லை.

காதுகுத்து அன்று ஞாயிற்றுக்கிழமை. மேளத்தோடு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோயில் தெருவிலிருந்து மண்டபத்துக்கு வந்தோம். பழம், தேங்காய், இனிப்பு, துணி, தோடு, நடுவில் என் கடிகாரம். தட்டுகளை வரிசையாக வைத்ததும் பெண்கள் குனிந்து பார்ப்பது வழக்கம். மாமன் வீடு என்ன வைத்திருக்கிறது என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்த ஒருத்தர்தான் முதலில் சொன்னார்.

"கடிகாரம் நின்னுக்கினு இருக்குதே."

இன்னொருவர் முகவாயில் கை வைத்தார். "நல்ல காரியத்துக்கு யாராவது நின்ன கடிகாரம் எடுத்துக்கினு வருவாங்களா?"

அதற்குள் நாத்தனார் வீட்டுக்காரர் வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னாக்கா இது? செல்லு போட மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி. அது ஓட வேணாம்னுதான் போடல. பாப்பா கையில வச்சித் திருப்பித் திருப்பிப் பழகறதுக்கு. அவ கணக்குப் பாடத்துல..."

"ஓட வேணாமா? ஓடாத கடிகாரம் வூட்டுக்கு ஆவாதுக்கா. நானே பத்துப் பேருக்கு வாஸ்து சொல்றவன். எங்க வூட்டுக்கே மாமன் சீர்ல நின்ன கடிகாரம் வந்துதுன்னா நாளைக்கி எவன் எங்கிட்ட மனை வாங்குவான்?"

மேளச் சத்தத்தில் நான் சொன்ன பாதி அவர் காதில் விழவில்லை. விழுந்த பாதியும் உள்ளே போகவில்லை. என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு ஒரே தங்கை, பல வருடம் தள்ளிப்போட்டுச் செய்கிற சீர். "ஒரு நிமிசம் மாப்ளே, ஜல்தியா வந்துர்றேன்" என்று யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு பறந்தார். மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் செல் வாங்கப் போய்விட்டார் என்று காது குத்துகிற பத்தர் ஊசியோடு காத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, வேர்க்க விறுவிறுக்கச் செல்லைப் போட்டு, கடிகாரம் டிக் டிக் என்று ஓடத் தொடங்கிய பிறகுதான் மண்டபத்தில் மூச்சு விட்டார்கள்.

பெரியவள் மாமன் மடியில் கால் தரையைத் தொட உட்கார்ந்திருந்தாள். தம்பி ஊரைக் கூட்டினான். அவள் அழவில்லை. காதைப் பத்தர் பிடித்தபோதும் அவள் கண் கடிகாரத் தட்டின் மேலேயே இருந்தது.

மதியம் விருந்து முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனோம். நாத்தனார் வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பே வந்து கடிகாரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எந்தச் சுவர் என்று யோசித்து, வடக்குச் சுவரில் ஆணி அடித்து, கூரைக்குக் கொஞ்சம் கீழே மாட்டிவிட்டிருந்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். நான் ஒட்டிய சிவப்பு எண்கள் கீழிருந்து பார்க்கப் பொட்டு வைத்த மாதிரி தெரிந்தன. பிள்ளை கை வைக்க முடியாத உயரம்.

நாத்தனாரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். "அது அவளுக்கு வாங்கினது. எறக்கிக் குடும்மா."

"தாய்மாமன் சீரு, கையில குடுத்து ஒடைக்கவான்னு கேக்கறாரு அண்ணி."

"அப்ப நான் வேற ஒண்ணு வாங்கித் தரேன். செல்லு இல்லாம."

"வாணவே வாணாம். ஓடாத கடிகாரம் எடுத்துக்கினு நீங்க இன்னொரு வாட்டி வந்தீங்கன்னா அவரு குதிக்கற குதியில எனக்குத்தான் பேஜாரு."

பஸ்ஸில் திண்டிவனம் வருகிற வரைக்கும் நான் கணவரோடு பேசவில்லை. அவர் தன் பங்குக்குச் சீர் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் தூங்கிக்கொண்டு வந்தார். பாடத்துக்குப் பொருத்தமான பொருள், சரியான பருவம், சரியான வாரம். எல்லாம் சரியாக இருந்தும் அது பிள்ளை கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு ஏதாவது சாக்கு வைத்து விழுப்புரம் போய், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடையில் பரீட்சை நேரக் கூட்டம். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது.

அதற்குள் நாத்தனார் வீட்டுக்காரரிடமிருந்து என் கணவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"மச்சான், நீங்க வாங்கினு வந்த செல்லு ரொம்ப மட்டம். அதுக்குள்ள நின்னுபோச்சு. சுவத்துல நின்ன கடிகாரம் இருக்கக் கூடாதுன்னு எறக்கிட்டேன். நல்ல செல்லா ஒண்ணு வாங்கிப் போடணும்."

என் கணவருக்கு மானம் போய்விட்டது. "இருந்ததுலயே ஒசத்தியாத்தான்டி வாங்கினேன்" என்று என்னிடம் இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் கடையில் நான் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தபோது நாத்தனார் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெரியவள்.

"அத்தை, கடிகாரம் எங்கிட்டதான் இருக்குது."

"அப்பா குடுத்தாரா?"

"எறக்கி டேபிள்ல வச்சிட்டாரு. செல்லு வாங்கினு வர்றேன்னு தெனம் மறந்து மறந்து போறாரு. நான் எடுத்து வச்சிக்கினேன். திருகிக்கினே இருக்கேன்." அடுத்து, மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினாள். "பெரிய முள்ளு பாவம் அத்தை. அது ஊரெல்லாம் சுத்தினு வந்தாதான் சின்ன முள்ளு ஒரே ஒரு வூடு தாண்டுது. ஒண்ணுன்றது சின்ன முள்ளுக்கு. பெரிய முள்ளுக்கு அந்தக் குட்டிக் கோட்டத்தான் எண்ணணும். அங்க அஞ்சாவது கோடு வருது. அதான் அஞ்சு. மிஸ்ஸு அத சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

மிஸ் சொல்லியிருப்பார். அதெல்லாம் இப்போது முக்கியம் இல்லை. "வயித்து வலி?" என்று கேட்டேன்.

"அது போயிடுச்சி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல வேளை, செல்லு தானா தீந்துச்சி" என்றேன்.

வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற குரல் வந்தது. "தானா தீரல அத்தை. கட்டில் மேல சேர் போட்டு ஏறி, செல்ல நான்தான் திருப்பிப் போட்டேன். தம்பி பொம்ம காருல திருப்பிப் போட்டா ஓடாதில்ல? அந்த மாதிரி. நின்னா அப்பாவே எறக்கிடுவாருன்னு தெரியும்."

கட்டில் மேல் சேரா என்று முதலில் நன்றாகத் திட்டினேன். விழுந்து கை காலை உடைத்துக்கொண்டால் என்ன ஆவது, இனிமேல் அப்படி ஏறினால் நான் பேசவே மாட்டேன் என்றேன். அவள் "சரி அத்தை, சரி அத்தை" என்றாள். போனை வைத்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பைண்டிங் வாங்க வந்தவர் மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடி வாங்குவாளோ என்று பயம் ஒரு பக்கம், கடிகாரம் மறுபடி சுவருக்குப் போய்விடும் என்பது இன்னொரு பக்கம். அதனால் மட்டமான செல் போட்ட மாமன் வீடு என்ற பேர் எங்களுக்கு நிலைத்தது. ஒரு விசேஷம் விடாமல் அந்தப் பேச்சு வந்தது. என் கணவர் உயர்ந்த ரகச் செல் நான்கு வாங்கி வைத்துக்கொண்டு விழுப்புரம் கிளம்பினார். நான் அதைப் பிடுங்கிக் கடைக் கால்குலேட்டருக்குப் போட்டுவிட்டேன். அவருக்கு வெகுநாள் அந்தக் கோபம் இருந்தது. பரிசு விஷயத்தில் என்னை யாராவது கேலி செய்தால் விட மாட்டேன். அந்தக் கேலியை மட்டும் நான் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். இப்போதும் வருத்தமில்லை.

பள்ளிக்கூடம் திறந்து அவள் நான்காம் வகுப்புக்குப் போன பிறகு, பிரம்மதேசத்தில் எங்கள் உறவு ஒருவருக்குப் புதுமனை புகுவிழா. வாசல் எந்தப் பக்கம் என்று சொன்னது நாத்தனார் வீட்டுக்காரர்தான் என்பதால் அன்றைக்கு அவருக்கு நல்ல மரியாதை. பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். நான் புது வீட்டுப் பையனுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"என்னாக்கா, இந்த வாட்டியாவது ஓடற பொருளா எடுத்துக்கினு வந்தீங்களா?"

வரிசையே சிரித்தது. என் கணவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும் சிரித்து வைத்தேன்.

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் கேட்கவில்லை.

"மாமா வாங்கின செல்லு நல்ல செல்லுதான் பா. கடிகாரம் தானா நிக்கல. நான்தான் செல்ல திருப்பிப் போட்டேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் சோற்றுக் கையோடு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குடி?"

"அது மேல இருந்துச்சி. எனக்கு எட்டல. திருகிப் பாக்கணும்."

"எட்டலன்னா எங்கிட்ட கேட்டிருந்தா நான் எறக்கித் தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டேனே பா. மக்குக்கு எதுக்குடி கடிகாரம்னு சொன்ன."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். பேசியே பிழைக்கிற அந்த மனிதர் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்தார்.

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு, முதலில் அவருக்கு ஊற்றச் சொன்னேன்.